ஓக் பலகையில் ரவுட்டர்: குறை விழுந்த இடமே காரணத்தைச் சொல்லும்

தேக்கில் பழகிய கைக்கு ஓக் முதலில் முரட்டு மரமாகத் தெரியும். சுழலும் பிட்டால் (அலகு பொருத்திய தண்டால்) விளிம்பும் காடியும், அதாவது நீளப் பள்ளமும், வெட்டும் மின்கருவியான ரவுட்டரை அதில் ஓட்டினால் விளிம்பு கருகும், சிராய் பிய்த்துக்கொண்டு வரும், பிட் அலறும். ‘இந்த வெளிநாட்டு மரமே இப்படித்தான்’ என்று பட்டறையில் தீர்ப்பும் வந்துவிடும். அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓக் ஒளிவுமறைவு இல்லாத மரம். என்ன தவறு நடந்தது என்பதை வெட்டிய முகத்திலேயே எழுதி வைத்துவிடும். அதைப் படிக்க ஒரு பழக்கம் வேண்டும்: குறை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அது எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். மூலையில் மட்டும் விழுந்த கருகலுக்கும், விளிம்பு நெடுக ஓடும் கருகலுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

மரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். ஜாங்கா கடினச் சோதனையில் தேக்கு ஏறத்தாழ 1,070 பவுண்டு விசை தாங்கும்; சிவப்பு ஓக் 1,290, வெள்ளை ஓக் 1,360. ஆக, கடினத்தில் வெள்ளை ஓக் தேக்கைவிடக் கால் பங்குதான் கூடுதல். தொல்லை கடினத்தால் மட்டும் வருவதில்லை. ஓக்கில் ஒவ்வொரு வளையத்திலும் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும் ஒரு பட்டையும், அடர்த்தியான ஒரு பட்டையும் அடுத்தடுத்து வரும். மரம் பிளக்க வேண்டும் என்று நினைத்தால் அந்தத் துளை வரிசையில்தான் பிளக்கும். தேக்கின் எண்ணெய்ப்பசை ஓக்கில் இல்லை. அதற்குப் பதில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. ஈரப்பதம் மாறும்போது தேக்கைப் போல ஏறத்தாழ இருமடங்கு அசையும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றில் போய் முட்டும்.

எதைச் சோதிப்பதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பிளக்கைக் கண்ணால் பார்த்த பிறகே கை பிட்டைத் தொடவேண்டும்.

விளிம்பு கருகுகிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். மூன்று இடங்களில் மூன்று விதமாக வரும்.

மூலைகளிலும், வெட்டு தொடங்கிய, முடிந்த இடங்களிலும் மட்டும் கறுத்திருந்தால் பிட்டின் மேல் குறையில்லை. கை நின்றிருக்கிறது. நிமிடத்துக்கு 20,000 சுற்று என்றால் நொடிக்கு 333 சுற்று. மூலையில் திரும்பும்போது அரை நொடி தயங்கினாலும், பிட் ஒரே இடத்தில் நூற்றைம்பது தடவைக்கு மேல் வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. தேய்த்தால் சூடு, சூட்டில் ஓக் சட்டென்று நிறம் மாறும். ரவுட்டரை மரத்துக்கு வெளியே ஓடவிட்டு, நகர்ந்துகொண்டே உள்ளே நுழையுங்கள், நகர்ந்துகொண்டே வெளியேறுங்கள். நடுவில் நின்றுபோகும் காடி என்றால், முடியும் புள்ளியை அடைந்த கணமே பிட்டை மேலே தூக்கிவிடவேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டுப் பிட் நிற்கும்வரை அங்கேயே காத்திருப்பது கருகலுக்கு அழைப்பு.

கருகல் விளிம்பு நெடுக இருந்தால், தரையில் விழுந்ததைக் கையில் அள்ளிப் பாருங்கள். சிறு செதில்களாக இருந்தால் பிட் வெட்டுகிறது. மாவாக, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் பிட் தேய்க்கிறது. கணக்குப் போட்டாலும் இது தெரியும். இரண்டு அலகு கொண்ட பிட், நிமிடத்துக்கு 18,000 சுற்று, கை நிமிடத்துக்கு 3 மீட்டர் தள்ளுகிறது என்றால் ஒவ்வொரு அலகும் 0.08 மி.மீ. சீவுகிறது. அதே வேகத்தில் கை நிமிடத்துக்கு 1 மீட்டர்தான் தள்ளினால் 0.03 மி.மீ. கூட வராது. அந்த அளவில் அலகு மரத்துக்குள் இறங்காமல் மேலே வழுக்கும். விலை உயர்ந்த மரம், நிதானமாகப் போவோம் என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் ரவுட்டரில் நிதானம் என்பது வெட்டின் ஆழத்தைக் குறைப்பது. கையின் வேகத்தைக் குறைப்பது அல்ல. ஒரே வெட்டில் 10 மி.மீ. எடுக்கத் திணறி மெதுவாகப் போவதைவிட, மூன்று மூன்று மி.மீ. ஆகத் தடையில்லாமல் போவது ஓக்குக்குப் பிடிக்கும்.

கை சரியான வேகத்தில் போயும் கருகுகிறதா? சுற்று வேகத்தைப் பாருங்கள். 25 மி.மீ. விட்டம் வரையிலான பிட்டுகளை 20,000-க்கு மேல் ஓட்டலாம். 50 மி.மீ. பிட்டை 16,000 சுற்றுக்கு அருகில் வையுங்கள். அதற்கு மேலே பெரியவற்றை 12,000-க்கு இறக்குங்கள். 50 மி.மீ. பிட்டை 24,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 226 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. கருகல் அப்போது சின்னக் கவலை. பிட்டின் உறையில் அச்சிட்ட உச்ச வேகம்தான் கடைசி வார்த்தை. ஒரே வேகத்தில், 30,000 சுற்றுக்கு மேல் ஓடும் ட்ரிம்மர் என்னும் சிறிய ரவுட்டரில் பெரிய பிட்டை மாட்டவே கூடாது. தண்டு காலெட்டுக்குள் (தண்டைக் கவ்வும் பிடிக்குள்) நுழைகிறது என்பது அனுமதி ஆகாது.

அடுத்தது பிட்டின் அழுக்கு. அலகின் பின்புறம் பழுப்பாக ஒரு ஓடு பிடித்திருக்கும். அது மரத்தின் பிசினும் தூளும் வெந்து ஒட்டியது. அந்த ஓடு இருக்கும்வரை கூரான பிட்டும் மழுங்கிய பிட்டாகவே நடந்துகொள்ளும். பேரிங்கை (பிட்டில் மாட்டிய, மரத்தையோ அச்சையோ தொட்டு ஓடும் சிறு உருளையை) கழற்றி வைத்துவிட்டு, சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் பிட்டைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் ஓடு விட்டுவிடும். உடனே துடைத்து உலர்த்துங்கள். தீயில் காட்டி எரிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கார்பைடு அலகு தண்டோடு பற்றவைக்கப்பட்டது என்பதால் அது ஆபத்தான வேலை. சுத்தம் செய்த பிறகும் கருகினால் பிட் மழுங்கிவிட்டது. வைரத் தகட்டில் அலகின் தட்டையான முகத்தை மட்டும் தேய்க்கலாம், இரண்டு அலகுக்கும் ஒரே எண்ணிக்கை. சரிவான புறத்தைத் தேய்த்தால் பிட்டின் விட்டமும் வடிவமும் மாறிவிடும். கார்பைடு இல்லாத, வெறும் எஃகுப் பிட்டுகளை ஓக்குக்கு வாங்கவே வேண்டாம்.

மூன்றாவது வகை, ஒரே உயரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. இது அலகு செய்தது அல்ல, பேரிங் செய்தது. பேரிங் இறுகிப்போய், பிட்டோடு சேர்ந்து சுற்றி மரத்தை உரசியிருக்கிறது. விரலால் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றவில்லை என்றால் மாற்றுங்கள். எண்ணெய் விட்டுப் பிழைக்க வைப்பது வீண் முயற்சி. அந்த எண்ணெய் ஓக்கின் துளைகளில் இறங்கிப் பாலிஷ் வேளையில் கறையாக எழும்.

விழுந்துவிட்ட கருகலை எடுக்க உப்புத்தாளைவிட, மரத்தைச் சுரண்டும் எஃகுத் தகடான ஸ்கிரேப்பர் நல்லது. அதையும்விட நல்லது, முதலிலேயே அரை மி.மீ. விட்டுவைத்து, கடைசி வெட்டில் அதை ஒரே ஓட்டமாக எடுப்பது. முன் வெட்டில் என்ன கருகியிருந்தாலும் அதோடு போய்விடும். இந்த ஒரு பழக்கம் ஓக்கில் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

சிராய் பிய்கிறது

முனை மூலையில் பிய்ந்திருந்தால், வெட்டிய வரிசை தவறு. பலகையின் நான்கு விளிம்புகளில் இரண்டு, நார் ஓடும் திசையில் நீளமாக இருப்பவை. மற்ற இரண்டு, நார் அறுபட்டு நிற்கும் முனைகள். முனைகளை முதலில் வெட்டுங்கள். பிட் வெளியேறும் மூலையில் கொஞ்சம் பிய்ந்தாலும் கவலையில்லை. பிறகு நீள விளிம்பை வெட்டும்போது அந்தப் பிய்ந்த பகுதியே நீங்கிவிடும். நீள விளிம்பை வெட்டப் போவதில்லை என்றால், பிட் வெளியேறும் பக்கத்தில் ஒரு வேண்டாத கட்டையை ஒட்டி இறுக்குங்கள். பிய்வது அந்தக் கட்டையாக இருக்கட்டும்.

நீள விளிம்பின் நடுவில் பிய்ந்திருந்தால் பலகையின் மேல்முகத்தில் ரேகைகளைப் பாருங்கள். ரவுட்டர் போகும் திசையில் ரேகைகள் விளிம்பை நோக்கி வெளியே வந்து முடிந்தால் வெட்டு வழவழப்பாக இருக்கும். அதே திசையில் ரேகைகள் பலகைக்குள் இறங்கினால், அலகு நெம்பிய நார் அறுபடாமல் உள்ளே பிளந்துகொண்டு ஓடும். இழைப்புளி பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல. இழைப்புளியில் பலகையைத் திருப்பிப் போட்டுக்கொள்வோம். கை ரவுட்டரில் திசையை விருப்பப்படி மாற்ற முடியாது என்பதுதான் சிக்கல். அதனால் மூன்று வழிகள்.

முதல் வழி, ரவுட்டருக்கு வேலையைக் குறைப்பது. கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. வரை ரம்பத்தால் அறுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ரவுட்டருக்குக் கொடுங்கள். எடுக்கும் மரம் குறைவாக இருந்தால் நெம்பும் விசையும் குறைவு. இரண்டாவது, மேலும் கீழும் பேரிங் உள்ள பிட். வெட்டுக்கு வழிகாட்டும் அச்சான டெம்ப்ளேட்டோடு பலகையைக் கவிழ்த்துப் போட்டு, பிய்கிற பகுதியை மட்டும் மறுபுறத்திலிருந்து வெட்டலாம். வட்ட மேசைப் பலகையில் இது கட்டாயம் தேவைப்படும். ஒரு முழுச் சுற்றில் இரண்டு கால்பகுதிகள் நாருக்கு இணக்கமாகவும், இரண்டு கால்பகுதிகள் எதிராகவும் அமையும். பிய்வது எப்போதும் அந்த எதிர்ப் பகுதிகளில்தான். மூன்றாவது, எதிர்த்திசை ஓட்டம். அலகு இழுக்கும் திசையிலேயே ரவுட்டரை நகர்த்தி அரை மி.மீ. மட்டும் சீவினால் நார் நெம்பப்படாமல் நறுக்கப்படும். பிறகு வழக்கமான திசையில் முழு வெட்டு. பலகை கனமாக, அசையாமல் இறுக்கப்பட்டு, இரண்டு கையும் ரவுட்டரில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். ரவுட்டர் மேசையில் சிறு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் செய்வதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

காடியின் மேல் உதட்டில் நார்நாராகச் சிலும்பி நின்றால் காரணம் பெரும்பாலும் சுருள் பிட். மேல்நோக்கிச் சுருண்ட பிட் தூளை அழகாக வெளியே தள்ளும்; கூடவே மேல் நாரையும் தூக்கிவிடும். கீழ்நோக்கிச் சுருண்டது உதட்டைச் சுத்தமாக வெட்டும். தூளைக் காடிக்குள்ளேயே அடைத்துவிடும். நான் விரும்புவது இரண்டையும் கலப்பது. முதல் 2 மி.மீ. கீழ்ச்சுருள், மிச்ச ஆழம் மேல்சுருள். பிட்டை மாற்ற மனமில்லை என்றால், காடியின் இரு கோட்டையும் கூரான கத்தியால் ஆழமாகக் கீறிவிட்டு வெட்டுங்கள். நாருக்குக் குறுக்கே வெட்டும் காடிகளில் இந்தப் பழைய முறையை வெல்ல எதுவும் இல்லை.

கால்வெட்டு ஓக் பலகைகளில், அதாவது வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தவற்றில், பளபளவென்று கதிர்ப்பட்டைகள் தெரியும். அந்த அழகுக்குத்தான் கூடுதல் விலை. மழுங்கிய பிட் அங்கே போனால் பட்டைகள் செதிலாக எழும். கூர்மையைத் தவிர இதற்கு வேறு மருந்து கிடையாது.

பிய்ந்த சிராயைக் குப்பையில் எறிய வேண்டாம். அது இருந்த இடத்தில் அப்படியே பொருந்தும். வெள்ளைப் பசை தடவி, டேப் ஒட்டி, முழுதாக உலர விட்டு மறுபடி வெட்டுங்கள். பல சமயம் ஒட்டிய இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

அலை அலையாக வரிகள்

வெட்டிய முகத்தை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் 2, 3 மி.மீ. இடைவெளியில் அலைகள். ‘பிட்டின் அடையாளம், உப்புத்தாள் போட்டால் போய்விடும்’ என்று சொல்வார்கள். அது பிட்டின் இயல்பான அடையாளம் ஆக வாய்ப்பில்லை. நிமிடத்துக்கு 18,000 சுற்றும் 3 மீட்டர் ஓட்டமும் என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு ரவுட்டர் நகர்வது 0.17 மி.மீ. தான். கண்ணுக்குத் தெரியும் அளவில் அலை வந்தால் ஏதோ ஒன்று அதிர்கிறது என்று பொருள்.

பிட் வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தேவைக்கு மேல் ஒரு மி.மீ. கூட வேண்டாம். அடுத்து, தண்டின் கனம். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 6 மி.மீ. தண்டைவிட 12 மி.மீ. தண்டு இருமடங்கு அல்ல, பதினாறு மடங்கு விறைப்பு. ஒரே வடிவப் பிட் இரண்டு தண்டிலும் கிடைத்தால் ஓக்குக்குப் பெரியதையே வாங்குங்கள்.

நம் கடைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. 6 மி.மீ. தண்டும் கால் அங்குலத் தண்டும் ஒரே பெட்டியில் கிடக்கும். கால் அங்குலம் 6.35 மி.மீ. அரை அங்குலமும் அப்படித்தான்: 12.7 மி.மீ.; 12 அல்ல. 6 மி.மீ. தண்டைக் கால் அங்குலக் காலெட்டில் போட்டு இறுக்கினால் இறுகியது போலவே இருக்கும். ஓடும்போது மையம் விலகி அதிரும், சூடேறும், பிறகு நழுவும். வெர்னியர் காலிப்பர் ஒன்றைப் பட்டறையில் வைத்திருங்கள். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் தண்டை அளந்து பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அதிர்ந்தால் காலெட்டின் உட்புறத்தைப் பாருங்கள். பழுப்புத் தடம் தெரிந்தால் பித்தளைத் தூரிகையால் துடைக்கலாம். ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து பளபளத்தால் காலெட்டை மாற்றவேண்டியதுதான். அடித்தகட்டின் திருகுகள் தளர்ந்திருப்பதும், பலகை மேசையில் தளர்வாகக் கிடப்பதும் இதே அலையைத் தரும். பலகை தளர்வு என்றால் அலை கிளாம்புக்கு அருகில் மறைந்து, தூரத்தில் கூடும். இங்கும் இடம்தான் காட்டிக்கொடுக்கிறது.

காடியின் ஆழம் போகப்போகக் கூடுகிறது

உடனே நிறுத்துங்கள். பிட் காலெட்டிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. மேல்நோக்கிச் சுருண்ட பிட் மரத்தை மேலே இழுக்கும். அதே விசை பிட்டைக் கீழே இழுக்கும். ஓக்கில் அந்த இழுப்பு பலமாகவே இருக்கும்.

தண்டை முழுதாக உள்ளே விட்டு, அடியில் முட்டியதும் 2, 3 மி.மீ. வெளியே இழுத்துப் பிறகு இறுக்குங்கள். முட்டிய நிலையிலேயே இறுக்கினால், காலெட் இறுகும்போது தண்டை உள்ளே இழுக்க இடமில்லாமல் பிடி பொய்யாகிவிடும். தண்டும் அலகும் சேரும் வளைவான கழுத்து காலெட்டுக்குள் போகக்கூடாது. தண்டில் எண்ணெய் கூடாது. சந்தேகம் இருந்தால் காலெட் விளிம்பை ஒட்டித் தண்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஒரு வெட்டுக்குப் பிறகு பாருங்கள். கோடு நகர்ந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. நகரவில்லை என்றால் ஆழத்தைப் பூட்டும் நெம்புகோல் தளர்வு. ஆழம் அங்கங்கே குறைந்திருந்தால் அது வேறு கதை: அடித்தகட்டுக்குக் கீழே செதில் சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

காடி கோட்டை விட்டு விலகுகிறது

மேலிருந்து பார்த்தால் கை ரவுட்டரின் பிட் கடிகார முள் திசையில் சுற்றும். அதனால் உங்களிடமிருந்து விலக்கி முன்னே தள்ளும்போது ரவுட்டர் இடப்புறம் ஒதுங்கப் பார்க்கும். தாங்கும் நேர்க்கட்டை இடப்புறம் இருந்தால் அந்த ஒதுக்கமே ரவுட்டரைக் கட்டையோடு அழுத்தி வைக்கும். வலப்புறம் வைத்தால் வழியெல்லாம் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். ஓக்கில் அடர்த்தியான பட்டையும் துளைப் பட்டையும் மாறி மாறி வரும்போது கை கட்டாயம் தோற்கும். ரவுட்டரோடு பொருத்திய எட்ஜ் கைடு என்றால் நேர்மாறு: அது பலகையின் வலப்பக்க விளிம்பைத் தொட்டு ஓடவேண்டும்.

வெட்டிய காடியை அகலப்படுத்தும்போதும் இதே கணக்கு. இடச் சுவரைச் சீவ முன்னோக்கித் தள்ளுங்கள். வலச் சுவரைச் சீவ வேண்டுமானால் மறுமுனைக்குப் போய் அங்கிருந்து தொடங்குங்கள்.

டெம்ப்ளேட்டும், அதைத் தொட்டு ஓடும் வளையமான கைடு புஷ்ஷும் வைத்து வெட்டியது அளவுக்கு வரவில்லை என்றால், புஷ்ஷின் வெளிவிட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்குங்கள். 30 மி.மீ. புஷ்ஷும் 12.7 மி.மீ. பிட்டும் என்றால் விலகல் 8.65 மி.மீ. பிட்டை 12 என்று நினைத்துக் கணக்குப் போட்டால் 9 வரும். பக்கத்துக்கு 0.35 மி.மீ. பிசகு, இரண்டு பக்கமும் சேர்ந்தால் மூட்டு தொளதொளக்கும்.

ரவுட்டர் கையை மீறி ஓடுகிறது

திசை தவறு. வெளி விளிம்பைச் சுற்றி வரும்போது இடஞ்சுழியாகவும், உள்வெட்டில் வலஞ்சுழியாகவும் நகருங்கள். பிட் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும் ரவுட்டர் மேசையில், பலகை வலமிருந்து இடமாகப் போகவேண்டும். பலகையைப் பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் (மேசையின் தாங்கு கட்டைக்கும்) நடுவில் நுழைத்து வெட்டவே கூடாது. அது அம்பாகப் பாயும், பின்னாலேயே கை பிட்டுக்குள் போகும்.

மெல்லிய பிட் முறிகிறது

6 மி.மீ. பிட்டுக்கு ஒரு வெட்டில் 3 மி.மீ. ஆழம் போதும். காடியில் அடைத்த செதிலை ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் உறிஞ்சியோ ஊதியோ எடுங்கள். செங்குத்தாக இறக்கும் வேலைக்கு அடிமுனையிலும் அலகு உள்ள பிட்தான் வேண்டும். மற்றவற்றை மெல்லச் சாய்வாக, நகர்த்திக்கொண்டே இறக்கலாம்.

கருநீலக் கறை

இதைக் கருகல் என்று நினைத்துச் சுரண்டுபவர்கள் உண்டு. வேறுபாடு எளிது. கருகல் பழுப்புக் கறுப்பு, வெட்டிய நொடியிலேயே தெரியும், எரிந்த வாடை வரும். கறை சாம்பலோ கருநீலமோ. சில மணி நேரம் கழித்து, வெட்டு படாத இடத்திலும் தோன்றும். ஓக்கின் டானினும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் மை உண்டாகும். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக எழுதிய மையும் ஓக்கில் விளையும் மாசிக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்துச் செய்ததே.

கறை இருக்கும் இடம் இங்கேயும் பேசும். கிளாம்பின் வாய் வடிவில் இருந்தால், பசையின் ஈரமும் கிளாம்பின் இரும்பும். விரல் வடிவில் இருந்தால், இரும்பைத் தொட்ட வியர்வைக் கை. புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தால், பக்கத்தில் யாரோ இரும்பைக் கிரைண்டரில் அறுக்கிறார்கள். வெல்டிங் வேலையும் மர வேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடங்களில் ஓக் பலகையை மூடி வைப்பது நல்லது. கிளாம்புக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் போடுங்கள். எஃகுக் கம்பளி வேண்டாம். திருகுகள் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு.

விழுந்த கறைக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல். கையுறையோடு தடவி, கறை மறைந்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை துடைத்தெடுங்கள். அமிலம் மிச்சமிருக்கும் பலகையை உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் நச்சு. கறை இருக்கும் இடத்தில் மட்டும் தடவினால் அங்கே வெளுத்து வட்டமாகத் தெரியும். ஆகவே அந்த முகம் முழுவதும் தடவுங்கள்.

அன்று பொருந்திய மூட்டு அடுத்த வாரம் பொருந்தவில்லை

ரவுட்டரைத் திட்டாதீர்கள். சூளையில் உலர்த்தி ஏற்றுமதியாகும் ஓக்கின் ஈரப்பதம் பெரும்பாலும் 6 முதல் 8 சதவீதம். சென்னை போன்ற கடலோரக் காற்றில் அது மெல்ல மெல்ல 12, 13 சதவீதத்துக்குப் போய் நிற்கும். ஈர மரம் முழுதாக உலரும்போது, வளையத்தை ஒட்டிய திசையில் வெள்ளை ஓக் சுமார் 10.5 சதவீதம் சுருங்குகிறது, தேக்கு 5.3 சதவீதம். அந்தக் கணக்கில், 300 மி.மீ. அகலச் சாதாரண வெட்டு ஓக் பலகை 8-லிருந்து 13 சதவீதத்துக்கு ஏறினால் 5 மி.மீ. அளவுக்கு அகலும். தேக்கில் போட்டுப் பழகிய இடைவெளி இங்கே போதாது.

பலகையைக் கட்டு பிரித்து, நடுவே பட்டைகள் வைத்து அடுக்கி, பட்டறைக் காற்றில் சில வாரம் விட்டுப் பிறகு அளவெடுங்கள். ஈரமானி இருந்தால் வாரம் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். எண் அசையாமல் நின்றதும் வேலையைத் தொடங்கலாம். குளிரூட்டிய அறைக்குப் போகும் மேசை என்றால் கணக்கு மீண்டும் தலைகீழாகும். ஒரு முகத்தில் மட்டும் நிறைய மரம் எடுத்தால் பலகை குழியும். அதனால் ஆழமான காடிகளை முதலில் தோராயமாக வெட்டி, ஓரிரு நாள் விட்டு, கடைசி மி.மீ. அளவை அப்புறம் எடுக்கிறேன்.

தும்மல், கண் எரிச்சல், மூக்கடைப்பு

இந்த அறிகுறி மரத்தில் இல்லை, உங்களிடம். ஓக் தூள் சாதாரணத் தூசி அல்ல. இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதி நாற்காலி, மேசைத் தொழிலாளர்களிடையே அரிதான ஒரு மூக்குப் புற்றுநோய் அளவுக்கு மீறிக் காணப்பட்டதை 1960-களில் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் வைத்தது. ஓக், பீச் போன்ற வன்மரத் தூள் தொடர்பான ஆதாரமே அதில் வலுவானது. ரவுட்டரின் வாயில் உறிஞ்சு குழாய் மாட்டுங்கள். என்95 தரத்துக்குக் குறையாத முகக்கவசம் போடுங்கள். வாயில் கட்டிய கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது. கருகலுக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: செதிலாக வெட்டும் பிட், மாவாக அரைக்கும் பிட்டைவிட மூக்குக்கும் நல்லது.

பாலிஷ் போட்டபின் தெரியும் கோடுகள்

உலர்ந்த ஓக் பொய் சொல்லும். வெட்டி, தேய்த்து, தடவிப் பார்த்தால் கண்ணாடி. பாலிஷ் ஏறியதும் அலையும் கருகலும் எழுந்து நிற்கும். பாலிஷுக்கு முன் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஈரம் காயும் சில நொடிகளில் எல்லாக் குறையும் தெரிந்துவிடும். தண்ணீர் வேண்டாம், நார் எழும்பும். அலங்கார விளிம்பில் தெரியும் குறையை விரலில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தால் கூர்க்கோடுகள் உருண்டுவிடும்; அந்த வளைவுக்கு ஏற்ற உருளைக் கட்டையில் தாளைச் சுற்றித் தேயுங்கள்.

இத்தனையும் செய்தும் ஒரே பலகை ஒரே இடத்தில் பிய்ந்துகொண்டே இருந்தால், அங்கே முடிச்சைச் சுற்றி ரேகை சுழல்கிறதா என்று பாருங்கள். அந்தப் பகுதிக்கு எந்தத் திசையும் நல்ல திசை அல்ல. அதை ரம்பத்தால் அறுத்து, உளியாலும் ஸ்கிரேப்பராலும் முடியுங்கள். அல்லது அந்தப் பலகையை வெட்டு விழாத மேசையின் நடுப்பகுதிக்கு ஒதுக்கிவிட்டு, விளிம்புக்கு நேர் ரேகைப் பலகையைத் தேடி எடுங்கள்.